பிசாவ், பிச்சுவா

என்னிடம் ஒரு பஞ்சாங்கத் தாள் இருக்கிறது. மாசி மாதத்துக்குரியது. மேலட்டையும் முன்பக்கங்களும் போய்விட்டதால் எந்த வருஷத்துப் பஞ்சாங்கம் என்று தாளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில், என் தகப்பனார் பென்சிலால் இரண்டு சொற்கள் எழுதியிருக்கிறார்: ‘பிசாவ்? பிச்சுவா?’ ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு கேள்விக்குறி. தேதி இல்லை, கையெழுத்து இல்லை.

தேதியில்லாத குறிப்பைக் கண்டால் எனக்கு மனம் ஆறாது என்பது, என் பழைய நினைவுக் குறிப்புகளைப் படித்துவரும் உங்களில் பலருக்குத் தெரியும். அதனால் முதலில் ஆண்டைக் கணக்கிட்டு வைத்துவிடுகிறேன். எங்கள் வீட்டுக்குப் பால் கறந்து தந்தவரின் மனைவி ஒரு விடியலில் அம்மாவையும் என்னையும் வாசலுக்கு அழைத்து, குதிரைப் பந்தயத் திடல் பக்கத்து மரங்களுக்கு மேலே வால்நட்சத்திரத்தைக் காட்டினார். அது 1910ஆம் ஆண்டு மே மாதம் என்பதில் ஐயமில்லை. உலகமே அதைப் பார்த்தது. அன்று மாட்டை ஓட்டிவந்தவர் அந்த அம்மா, அவருடைய கணவர் அல்ல. கணவர் அப்போது சிறையில் இருந்தார். ஆகவே அவரைச் சிறைக்கு அனுப்பிய வழக்கு, இந்தக் குறிப்புக்குக் காரணமான வழக்கு, அதற்கு முந்தியது. இந்த மாசி, சௌமிய வருஷத்து மாசி. எனக்கு எட்டு வயது.

இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் என் மருமகன் சிரித்தார். “என்ன அத்தை, எல்லாரும் இடுப்புல கத்தி வச்சுக்கிட்டுத் திரிஞ்சாங்கன்னு எழுதுனா, படிக்கிறவங்க பயந்துட மாட்டாங்களா லா?”

நம் வயதினரான நீங்கள் பயப்பட மாட்டீர்கள். இடுப்பில் கத்தி இல்லாத ஆளைத்தான் அந்நாளில் வேலையில்லாதவர் என்று நினைப்போம். சுண்ணாம்புக் கம்பம் (கம்பம் என்றால் மலாயில் குடியிருப்பு) என்று நம்மவர் அழைத்த சிராங்கூன் சாலைப் பகுதியில், சூளைப் புகையும் மாட்டுக் கொட்டகையின் மணமும் அன்னாசி வேகும் இனிப்பு நெடியும் ஒன்றாக வீசும் அந்தத் தெருக்களில், மடக்குக் கத்தி இல்லாமல் ஒரு பொழுதும் நகராது. சாக்குத் தைத்த நூலை அறுக்க, பிரம்பைச் சீவ, பாக்கை நறுக்க, புகையிலையைக் கிள்ள, காலில் தைத்த முள்ளை எடுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். வேட்டி மடிப்பில் ஒரு சின்னப் புடைப்பு தெரியும். சிலர் அரைஞாணில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். மளிகைக் கடை ராவுத்தர் பித்தளைச் சங்கிலி போட்டிருந்தார். அவர் குனிந்து சாக்கைப் பிரிக்கும்போது அந்தச் சங்கிலி அரிசி மேல் உரசும் ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் படித்த பெண்கள் பள்ளியிலும் கத்தி உண்டு. பென்சில் சீவுவதற்கு ஆளுக்கொன்று. தையல் வகுப்பு தொடங்குமுன் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும். வகுப்பு முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு அவரவர் கத்தியைத் துழாவி எடுப்பது எங்களுக்கு விளையாட்டு. தவறாக எடுத்தவள் அன்று எல்லோருக்கும் பென்சில் சீவ வேண்டும். என்னிடம் மட்டும் கத்தி இல்லை. அப்பா வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்பாவுடைய கத்தி கொழும்பில் வாங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் புறப்பட்டு வந்தபோது, கப்பல் ஏறுமுன் வாங்கினார். முத்துச்சிப்பிப் பிடி, இரண்டு அலகுகள். பெரிய அலகு பென்சிலுக்கு. சிறியது தாளில் விழுந்த மைப்பிழையைச் சுரண்டி எடுப்பதற்கு. சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழுவழுப்பாக்கி அதன்மேலேயே எழுதுவார். பிழை இருந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். கோட்டின் உட்பையில் அது எப்போதும் இருக்கும். எங்கள் ஊரில் அந்த மாதிரிக் கத்தியை வில்லுக்கத்தி என்போம். மூடும்போது உள்ளே இருக்கும் வில் ‘டிக்’ என்று அடங்கும்.

பால்காரருடைய கத்தி வேறு இனம். எருமைக் கொம்புப் பிடி, கைபட்டுக் கைபட்டுக் கறுத்து, விளிம்பில் மட்டும் தேன் நிறம் தெரியும். ஒரே அலகு, அகலமானது. அதன் முதுகுப் பக்கம் மழுங்கிய வளைந்த கொக்கி ஒன்று மடங்கியிருக்கும். மாட்டுக் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கவும், ஈரத்தில் இறுகிய முடிச்சைத் தளர்த்தவும். மூட்டில் நெய் தடவி வைத்திருப்பார். திறந்தால் ஓசையே வராது. மூடும்போது மட்டும் ‘டொக்’ என்று கனமாக ஒரு சத்தம். விடியலில் எங்கள் வீட்டு ஐந்தடி நடைபாதையில் மாட்டை நிறுத்திக் கறந்துவிட்டு, புல்லுக்கட்டின் கயிற்றை அறுக்க அதை எடுப்பார். நான் பென்சிலோடு தயாராக நிற்பேன்.

“பாப்பா, இன்னிக்கு எழுதப்போறியா, இல்ல பென்சிலத் திங்கப்போறியா? நேத்துத்தானே சீவினோம்.”

“முறிஞ்சு போச்சுது.”

“முறிஞ்சு போச்சுதா? ஓமா?”

“ஓம்.”

“ஓம்னா கோயில்ல ஐயருதான் சொல்லுவாரு. நீங்க வீட்டுக்குள்ளயே பூசை பண்றீங்க போல.”

எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஓம் என்றால் ஆமாம்; இதை அவர் ஒவ்வொரு நாளும் சொல்வார். ஒவ்வொரு நாளும் நான் சிரிப்பேன். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். அவர் கத்தியை என் கையில் கொடுத்ததே இல்லை. மடக்கிப் படியில் வைப்பார். நான் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் நானும் படியில்தான் வைக்க வேண்டும். கைக்குக் கை கத்தி மாறினால் இருவருக்கும் பகை வரும் என்பார். அம்மாவும் அப்படியே. எங்கள் பக்கத்திலும் அவர்கள் பக்கத்திலும் பேச்சு எவ்வளவு மாறினாலும் அந்த வழக்கம் ஒன்றாகத்தான் இருந்தது.

அப்பா அதுவரை அவரைப் பார்த்ததில்லை. பால் வரும் நேரத்தில் அப்பா பின்கட்டில் குளித்துக்கொண்டிருப்பார். பிறகு கோட்டும் தலைப்பாகையுமாக டிராம் ஏறிவிடுவார். அவர் போலீஸ் கோர்ட்டில் துவிபாஷி. சாட்சிகள் தமிழில் சொல்வதை நீதிபதித் துரைக்கு ஆங்கிலத்திலும், துரை சொல்வதைத் தமிழிலும் பெயர்த்துச் சொல்பவர். சிங்கப்பூருக்கு வந்து ஓராண்டு ஆகவில்லை. வேலை நிரந்தரமாகவும் இல்லை. சென்னையிலிருந்து வரும் புத்தகங்களைத் தருவித்துப் படிப்பார். இந்தியத் தமிழர் பேச்சு காதில் பிடிபடுவதற்கு அவற்றை நம்பியிருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். மலாய் அவருக்குத் தெரியாது. கோர்ட்டில் மலாய்க்கு வேறு துவிபாஷி இருந்ததால் தேவைப்படவும் இல்லை.

அந்த மாசியில் மாட்டுக் கொட்டகையில் நடந்ததைப் பிறகு பலர் சொல்லக் கேட்டு ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறேன். விற்பனைக்கு வந்த எருமை ஒன்று சேற்றுக் குட்டையின் ஓரத்துத் தூணில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு கழுத்து நெரிந்து கிடந்தது. பால்காரர் அந்த வழியாக வந்தவர் ஓடிப்போய்க் கயிற்றை அறுக்கப் பார்த்தார். கொட்டகை மேஸ்திரி, யாரோ மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகிறான் என்று நினைத்துப் பின்னாலிருந்து பிடித்தார். இழுபறியில் மேஸ்திரியின் முன்கை ஆழமாக வெட்டுப்பட்டது. கத்தி சேற்றில் விழுந்து மறைந்தது. எருமை பிழைத்துக்கொண்டது.

இதைப் பார்த்த ஒரே ஆள், அங்கே புல் விற்றுக்கொண்டிருந்தவர். கத்தி கிடைக்காததால் அவருடைய வாய்ச்சொல்தான் சான்று. பால்காரர் மடியிலிருந்து எதை எடுத்தார் என்று துரை கேட்டார். புல்லுக்காரர் ஒரு சொல் சொன்னார். என் தகப்பனார் அதைப் பிச்சுவா என்று கேட்டார். ‘டாகர்’ என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

பிச்சுவா என்றால் குத்துவாள். ஆளைக் குத்துவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. துரை உடனே குற்றவாளிக் கூண்டின் பக்கம் திரும்பினார். அவர் கேட்டதை அப்பா தமிழாக்கினார்: “உம்மிடம் பிச்சுவா இருந்ததா?”

“இல்லைங்க ஐயா,” என்றார் பால்காரர்.

மேஸ்திரியின் கையில் கட்டு இருந்தது. சாட்சி பார்த்ததாகச் சொல்கிறார். குற்றம் சாட்டப்பட்டவர் இல்லை என்கிறார். பிறகு அவர், கத்தி இருந்தது, பிச்சுவா இல்லை என்று சொல்லத் தொடங்கியபோது, மாற்றிப் பேசுகிறார் என்று துரை எடுத்துக்கொண்டார். சிறைத்தண்டனை. எத்தனை மாதம் என்பதில் அம்மாவின் நினைவும் பால்காரம்மாவின் நினைவும் ஒத்துப்போகவில்லை. நான் இரண்டையும் இங்கே எழுதவில்லை.

அன்று மாலை அப்பா உற்சாகமாக இருந்தார். சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னது எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

“இண்டைக்கு ஒரு மாட்டுக்காரன்ர வழக்கு. சாட்சி பிச்சுவா எண்டு சொன்னான். வேற ஆள் எண்டால் நைஃப் எண்டு சொல்லிப்போட்டு இருந்திருப்பான். நான் டாகர் எண்டு சரியாச் சொன்னன். பெரியவரே பிறகு கூப்பிட்டு மெச்சினவர்.”

பெரியவர் என்றது தலைமைத் துவிபாஷியை. அம்மா இன்னொரு அகப்பை சோறு வைத்தார். எனக்கும் பெருமையாக இருந்தது.

மறுநாள் பால் வரவில்லை. அதற்கு மறுநாள் பால்காரம்மா மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பென்சிலோடு நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் கறந்தார். செம்பில் பால் நுரைத்து ஏறும் சத்தம் மட்டும். கறந்து முடித்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்.

“ஐயா மேல வருத்தம் இல்லீங்கம்மா. சாட்சி சொன்னத ஐயா சொன்னாரு. ஆனா புல்லுக்காரரு எங்க ஊட்டுக்காரருக்கு வேண்டியவருங்க. ஒரே கம்பத்துக்காரரு. அவரு எதுக்குப் பிச்சுவான்னு சொல்லணும்? எப்பவும் பிசாவுன்னுதான் சொல்லுவாரு. ‘உன் பிசாவக் குடு, என் பிசாவ எங்க வச்சேன்’ம்பாரு.”

அம்மா செம்பை வாங்கிப் படியில் வைத்தார். பிறகு, “நீங்கள் அந்த நேரம் கோர்ட்டில நிண்டனீங்களோ?” என்று கேட்டார்.

“பின்னால நின்னேன். அவ்வளவு தூரம் காது கேக்கல. ஐயா வாயால பிச்சுவான்னு வந்ததுதான் கேட்டுச்சு.”

பிசாவ் என்பது மலாய்ச் சொல். கத்தி என்று பொருள். எந்தக் கத்தியும். அம்மா சந்தையில் மீன்காரரிடமும் பக்கத்து வீட்டு மலாய் அம்மாவிடமும் பேசிப் பேசி அப்பாவைவிட வேகமாக இந்த ஊர்ச் சொற்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் வீட்டுக்குள் அவற்றைக் கொண்டுவருவதில்லை. அப்பாவுக்குக் கலப்புப் பேச்சு பிடிக்காது.

அன்று விளக்கேற்றிய பிறகு அப்பா பாயில் உட்கார்ந்து எனக்காகப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். கத்தி சுருள் சுருளாக மரத்தை உரித்தது. தேவதாரு மணம் வந்தது. அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“இஞ்சாருங்கோ. அந்தப் பிசாவ ஒருக்கால் தாங்கோ.”

“எதை?”

“பிசாவ.”

“அதென்ன அது?”

“உங்கட கையில இருக்கிறது.”

“கத்தி எண்டு சொல்லுமன்.”

“இஞ்ச எல்லாரும் அப்பிடித்தானே சொல்லினம். மீன்காரன் சொல்லுறான். ராவுத்தர் சொல்லுறார். அந்தப் புல்லுக்காரரும் அப்பிடித்தான் சொல்லுறவராம்.”

அப்பாவின் கை நின்றது. அவர் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். பிசாவ எடுத்தார். பிச்சுவா எடுத்தார். மறுபடியும், அவசரமாகப் பேசுபவர் சொல்வதுபோல, சொற்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சொல்லிப் பார்த்தார். நான் அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன்.

“அந்த மாட்டுக்காரன்…” என்றார்.

“எங்கட பால்காரர்,” என்றார் அம்மா.

அப்பா கத்தியை மடக்கிப் பாயின்மேல் வைத்தார். அம்மா அதை எடுக்கவில்லை. என் பென்சில் ஒரு பக்கம் மட்டும் சீவியபடி கிடந்தது. நான் பெரியவளான பிறகு அம்மாவிடம் இதைப் பற்றி இரண்டு முறை கேட்டிருக்கிறேன். வேண்டுமென்றுதான் அப்படிக் கேட்டீர்களா என்று. “கறிவேப்பிலைக் கொப்பு நறுக்க வேண்டியிருந்தது” என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை. கறிவேப்பிலையைக் கையால்தான் உருவுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ராவுத்தர் கடைக்குப் போனார். கடையில் கண்ணாடி போட்ட பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் சிவப்புத் துணியின்மேல் சீமைக் கத்திகள்: கொம்புப் பிடி, கருங்காலிப் பிடி, ஆமையோட்டுப் பிடி. யானை, அம்பு, இரட்டை நட்சத்திரம் என்று ஒவ்வொன்றின் அலகிலும் ஒரு முத்திரை. வாங்குகிறவர்கள் அலகை நகத்தில் சுண்டி ஓசை கேட்பார்கள். மணிபோல ஒலித்தால் நல்ல இரும்பு. வாங்காதவர்களும் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். ராவுத்தர் அதைத் தடுத்ததில்லை.

“பிசாவ் எண்டால் எந்தக் கத்தி?” என்று அப்பா கேட்டார்.

“எல்லாமே பிசாவுதான் தம்பி. மீன் வெட்டுறதும் பிசாவு, வெங்காயம் அரியறதும் பிசாவு. இந்தா, இப்படி மடக்குனா பிசாவ் லிப்பாட்.”

“பிச்சுவா?”

ராவுத்தர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். “அது நம்மகிட்ட கிடையாது. அது வாங்குறவன் கடைக்கு வந்து கேக்க மாட்டான்.”

“புல்லுக்காரரைப் பார்க்க வேணும். எங்க இருப்பார்?”

“பார்க்கணும்னா நாகப்பட்டினம் போகணும். ஊருலேர்ந்து ஆள் வந்துச்சு, தாயாருக்கு முடியலைன்னு. போன கப்பல்ல ஏறிட்டாரு.”

அப்பா கொஞ்ச நேரம் கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அதில் ஒரு சிறிய கத்தியைக் காட்டினேன், பள்ளிக்கு ஏற்றது. அவருக்கு நான் பேசியது கேட்கவில்லை.

அங்கிருந்து மாட்டுக் கொட்டகைக்கு நடந்தோம். மேஸ்திரி கைக்கட்டோடு ஒரு கட்டையில் உட்கார்ந்திருந்தார். எந்த மாதிரிக் கத்தி என்று அப்பா கேட்டார்.

“வெட்டுப்பட்டவன் கத்தியையா பார்ப்பான்? ரத்தத்தைத்தாங்க பார்த்தேன்,” என்றார் மேஸ்திரி. “அந்தாளு திருடன் இல்லைன்னு இப்பத் தெரியுது. அன்னிக்கு யாரு கண்டா?”

குட்டையில் எருமைகள் கழுத்துவரை அமிழ்ந்து கிடந்தன. அப்பா ஒரு மூங்கிலை எடுத்துக் கரையோரச் சேற்றைக் கிளறினார். கோட்டும் தலைப்பாகையுமாக அவர் அப்படி நின்றதைப் பார்த்து மாட்டுக்காரர்கள் சிரித்தார்கள். “என்ன ஐயா, மீன் பிடிக்கிறீங்களா?” என்றார் ஒருவர். மூங்கில் நுனியில் அழுகிய கயிறும் வைக்கோலும்தான் வந்தன. ஒவ்வொரு முறையும் மூங்கிலை எடுத்த இடத்தில் சேறு உடனே மூடிக்கொண்டது. அவருடைய வெள்ளைக் காற்சட்டையின் கீழ்ப்பாகம் கறுத்துவிட்டது. திரும்பும்போது டிராமில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

மறுநாள் அவர் தலைமைத் துவிபாஷியிடம் போனார். அன்றைய பேச்சை அவர் அம்மாவிடம் சொல்லியபோது நான் பக்கத்து அறையில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன்.

“பெரியவர் சொல்லுறார், ‘தம்பி, உமக்கு இன்னும் வேலை நிரந்தரமாகேல்லை. சொன்னது சொன்னதாய்க் கிடக்கட்டும். சாட்சியும் ஊருக்குப் போயிட்டான். ஆர் வந்து உம்மைக் கேக்கப்போயினம்?’ எண்டு.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“ஒருத்தரும் கேக்காதபடியால்தான் நான் சொல்ல வேணும் எண்டன். தாளில விழுந்த பிழை எண்டால் சுரண்டியிருப்பன்.”

“துரையிட்டப் போனனீங்களோ?”

“போனன்.”

“அந்த ஆள் பிசாவ் எண்டுதான் சொன்னவர் எண்டு சொன்னனீங்களோ?”

“இல்லை. அதை நான் எப்பிடிச் சொல்லுறது? அவர் என்ன சொன்னவர் எண்டு எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்டைத் தெரியும் எண்டு சத்தியம் பண்ணிச் சொல்லிப்போட்டன். திரும்பவும் அதையே செய்யச் சொல்லுறீரோ? எனக்குத் தெரியாது எண்டுதான் சொன்னன்.”

அம்மா தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அம்மா, “சாப்பிட வாங்கோ,” என்றார்.

அந்தத் துரை நல்லவரா கெட்டவரா என்று எனக்குத் தெரியாது. அவர் அப்பாவைத் திட்டவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. வழக்கை மறுபடி பார்க்க ஏற்பாடு செய்தார். அது வைகாசிக்குப் பிறகுதான் முடிந்தது. இடையில்தான் வால்நட்சத்திரம் வந்தது. பால்காரம்மா அதைக் காட்டி, “உள்ள இருக்கிறவங்களுக்கு இது தெரியுமாங்கம்மா?” என்று கேட்டார்.  சிறைச் சுவர் எவ்வளவு உயரம், கிழக்குப் பக்கம் சன்னல் உண்டா என்று நான் பலநாள் யோசித்தேன்.

சாட்சியின் சொல்லில் ஐயம் வந்துவிட்டதால் பால்காரரைத் தண்டனைக் காலம் முடியுமுன்பே விட்டுவிட்டார்கள். அப்பாவைத் துவிபாஷி வேலையிலிருந்து எடுத்தார்கள். துறைமுகப் பக்கம் ஓர் அலுவலகத்தில் ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு நகலெழுதும் வேலை கிடைத்தது. யாரும் பேசுவதைக் கேட்க வேண்டியதில்லை. அதில்தான் அவர் ஓய்வு பெறும்வரை இருந்தார்.

எங்கள் யாழ்ப்பாணத்தவர் கூடும் இடங்களில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. கைநீட்டி வாங்கிக்கொண்டு சொல்லை மாற்றினார் என்று சிலர். பெரும்பாலோர் சொன்னது அதைவிட அவரைச் சுட்டது: “அவருக்குத் தமிழ் காணாது,” அதாவது போதாது. தமிழ்ப் புத்தகம் இல்லாமல் ஒருநாளும் தூங்கப்போகாத மனிதரைப் பற்றி இதைச் சொன்னார்கள். அவர் மறுத்துப் பேசியதில்லை. ஒரு திருமண வீட்டில் ஒருவர் அவர் எதிரிலேயே, “பிசாவ் ஐயா வாறார்” என்றார். அப்பா அவருக்கும் வணக்கம் சொன்னார்.

பால்காரர் திரும்பி வந்த காலையை நான் முழுவதும் சொல்ல முடியும். மழை பெய்து விட்டிருந்தது. மாட்டின் முதுகிலிருந்து ஆவி எழுந்தது. அவர் மெலிந்து, தலைமயிர் ஒட்ட வெட்டப்பட்டு, வேறொருவர் போலத் தெரிந்தார். நான் பென்சிலைக் கொண்டுவரவில்லை. அன்று அப்பா குளிக்கப் போகவில்லை. கோட்டு இல்லாமல், வேட்டியோடு படியில் வந்து நின்றார். இருவரும் ஒருவரையொருவர் கோர்ட்டில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

“நான் பிழை விட்டிட்டன்,” என்றார் அப்பா.

பால்காரர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். “உள்ள இருக்கும்போது ஒண்ணுதான் ஐயா யோசிச்சேன். உன்கிட்ட கத்தி இருந்துச்சான்னு ஐயா கேட்டிருந்தா, இருந்துச்சுன்னு சொல்லியிருப்பேன். கயித்த அறுக்கத்தான் எடுத்தேன்னு சொல்லியிருப்பேன். ஐயா பிச்சுவா இருந்துச்சான்னு கேட்டீங்க. என்கிட்ட இல்லாதத இல்லைன்னுதானே சொல்ல முடியும்?”

“ஓம்,” என்றார் அப்பா.

அந்தச் சொல்லுக்குப் பால்காரர் வழக்கமான கேலியைச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை.

அப்பா மடியிலிருந்து முத்துச்சிப்பிக் கத்தியை எடுத்து, மடக்கியபடியே படியில் வைத்தார். “உங்கட கத்தி சேத்தில போச்சுது. இதை எடுங்கோ.”

பால்காரர் குனிந்து எடுத்தார். பெரிய அலகைத் திறந்தார். கட்டைவிரல் நகத்தில் வைத்துக் கூர் பார்த்தார். அலகைச் சுண்டிக் காதருகே பிடித்தார். “நல்ல இரும்பு,” என்றார். மூடினார், ‘டிக்’ என்றது. திரும்பவும் படியில் அதே இடத்தில் வைத்தார்.

“இது பென்சில் சீவுற கத்தி ஐயா. எங்க மாட்டுக் கயிறு இத மதிக்காது.”

“அப்ப உங்களுக்கு ஏத்தது ஒண்டு வாங்கித் தாறன். ராவுத்தரிட்ட இருக்குது.”

“வேணாம் ஐயா. கத்தி வாங்கியாச்சு. ஊட்டுக்காரி மடியில இருக்கு.” கறக்க உட்கார்ந்தார். “என் மடியில வேணாம்.”

அதன்பிறகு அவர் பல ஆண்டுகள் எங்களுக்குப் பால் கறந்தார். புல்லுக்கட்டை அறுக்க வேண்டி வந்தால் பல்லால் கடித்துப் பார்ப்பார். முடியாவிட்டால் அன்று கயிற்றோடேயே மாட்டுக்குப் போடுவார். பால்காரம்மா கூட வரும் நாட்களில் மட்டும் கத்தி வரும். புதுசு, கருங்காலிப் பிடி. அந்த அம்மா அதை மடக்கிப் படியில் வைப்பார், நான் எடுப்பேன். நல்ல கத்திதான். பென்சில் நன்றாகவே சீவியது. ஆனால் மூடும்போது அந்தக் கனமான சத்தம் அதற்கு இல்லை.

சேற்றுக் குட்டையைப் பிற்பாடு மண் போட்டு மூடினார்கள், கடைகள் வந்தன. எருமைக் கொம்புக் கத்தி அங்கேதான் எங்கோ கீழே இருக்க வேண்டும்.

இந்த வழக்கின் ஆவணத்தை நான் தேடியிருக்கிறேன். எனக்குக் காட்டப்பட்ட பழைய கட்டுகளில் அது இல்லை. இருந்தாலும் பயன் இருந்திராது. அதில் ஆங்கிலத்தில் ‘டாகர்’ என்றுதான் எழுதியிருக்கும். அது என் தகப்பனாரின் சொல். சாட்சி தமிழில் சொன்னது எந்தத் தாளிலும் ஏறவில்லை. புல்லுக்காரர் திரும்பி வந்ததாக நான் அறியவில்லை. அவர் பிச்சுவா என்றே சொல்லியிருக்கவும் கூடும். அப்படியானால் என் தகப்பனார் முதலில் சரியாகவே கேட்டார். சரியான சொல்லுக்காக வேலையை இழந்தார். இந்தச் சாத்தியம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்துதான் இரண்டு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.

முத்துச்சிப்பிக் கத்தி இப்போது என் மேசையில் இருக்கிறது. சிறிய அலகு தேய்ந்து ஈர்க்குச்சி போல ஆகிவிட்டது. ஆனாலும் பென்சில் எழுத்தைச் சுரண்டி எடுக்க அது போதும். அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டாவது சொல்லை எடுத்துவிட்டு முதல் சொல்லை மட்டும் விட்டுவைக்கலாமா என்று தோன்றும். அப்படிச் செய்தால் என் தகப்பனார் எதற்காகத் துரை முன் போய் நின்றாரோ அது இல்லாமல் போய்விடும். கத்தியை மூடிவிடுகிறேன்.

புல்லுக்காரர் அன்று சொன்ன சொல் எது என்பது இதுவரை உறுதிப்படவில்லை.